பொரி மூட்டை மேல் ஐந்தாவது பட்டம்

உலகப் பட்டம் இப்போது எங்கள் வீட்டில் இட்லி மாவுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருக்கிறது. தென்னிந்தியப் பட்டம் புளிச் சட்டியின் மேல் இருக்கிறது. மற்ற இரண்டில் ஒன்று கால் உடைந்த பீரோவுக்கு அண்டக்கொடுத்துக் கிடக்கிறது. இன்னொன்றை வீடு மாறும்போது எங்கோ தொலைத்துவிட்டோம். தினமும் காலையில் என் மனைவி உலகப் பட்டத்தைக் கையில் எடுத்து, ஓரத்தில் ஒட்டிய மாவை வழித்துவிட்டு, அடுப்பு மேடையில் கவிழ்த்து வைப்பாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், "இதென்னுங்க, ஒரு மூடிக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு வெச்சிருக்குது?" என்று கேட்டாள்.

"அதுல எலாஸ்டிக் கோத்திருந்துச்சு. அது நான் மல்யுத்தத்துல ஜெயிச்சதாக்கும், அம்மிணி."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எண்பது சென்டிமீட்டர் பனியனே எனக்குக் கொடியில் காய்வது போலத்தான் தொங்கும். நான் வேலை பார்த்த கம்பெனியில் சாம்பிள் பனியனைப் போட்டுப் பார்க்க யாராவது ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஹேங்கரில் மாட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அதுவே மேல் என்பார்கள். அப்படிப்பட்டவன் நான்கு பட்டங்களுக்கு, சரியாகச் சொன்னால் ஐந்துக்கு, சொந்தக்காரன் ஆன கதை இது.

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தப் பனியன் கம்பெனி. அதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது காற்றில் மிதக்கும் பஞ்சுதான். தகரக் கூரையில் ஆங்காங்கே பதித்திருந்த கண்ணாடி ஓடு வழியாக மத்தியான வெயில் தூண் தூணாக இறங்கும். அந்தத் தூண்களுக்குள் பஞ்சுத் துகள்கள் கீழே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். மெஷின் சத்தம் காதில் விழுந்து விழுந்து, ஒரு கட்டத்துக்கு மேல் விழாமலே போய்விடும். கட்டிங் டேபிளில் துணியை விரித்து விரித்துக் கை தானாக ஓடிக்கொண்டிருக்க, கண் மட்டும் திறந்திருக்கும் ஒரு தூக்கம் எனக்கு அங்கே கைவந்திருந்தது. புருவத்திலும் மீசையிலும் பஞ்சு படிந்து, இருபத்து மூன்று வயதில் நான் கிழவனாகக் கனவு கண்டுகொண்டிருப்பேன். கட்டிங் மாஸ்டர் ஸ்கேலால் டேபிளைத் தட்டும்போது மறுபடி வாலிபன் ஆவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எதிர்ச் சந்து டீக்கடையில் கேபிள் இழுத்த புதிது. அதில் வெள்ளைக்காரர்கள் நீளமாக முடி வளர்த்துக்கொண்டு, எண்ணெய் தடவின உடம்போடு ஒருவரையொருவர் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவன் இடுப்பில் தாம்பாளம் அளவுக்கு ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குவான். டீ ஆறிப் போவது தெரியாமல் நாங்கள் நிற்போம். சண்டை நிஜமா பொய்யா என்று அந்தக் கடையில் பெரிய வழக்கே நடந்தது. அதற்குத் தீர்ப்புச் சொன்னவர் எங்கள் கம்பெனியின் அயர்ன் மாஸ்டர். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் ஆவிக்குள் நின்றவர் என்பதால் அவர் எதைச் சொன்னாலும் மேகத்திலிருந்து சொல்வது போல இருக்கும்.

"அடிக்கறது பொய்யிங்க," என்றார். "உழுகறது மட்டும் நெசம். எந்த ஊரா இருந்தா என்ன, மேல இருந்து போட்டாக் கீழதான போகோணும்."

அந்தத் தீர்ப்பிலிருந்துதான் எங்கள் மல்யுத்தம் பிறந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கின கையோடு, வேஸ்ட் குடோனில் கூடுவோம். கட்டிங்கில் விழும் துண்டுத் துணியெல்லாம் அங்கேதான் குவியும். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை, வெள்ளை என்று இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கும். அதில் விழுந்தால் யாரோ மடியில் ஏந்திக்கொள்வது போல உடம்பு மெல்ல உள்ளே போகும். மேலே வர மனசே வராது. அயர்ன் மாஸ்டர்தான் நடுவர், வர்ணனையாளர், கதை வசனம் எல்லாம். யார் ஜெயிப்பது என்பதை அயர்ன் டேபிளின் மேல் முந்தின நாளே முடிவு செய்துவிடுவார். ஜெயித்தவனுக்கு டீக்கடைக்காரர் ஒரு டீயும் பன்னும் இலவசமாகத் தருவார். ஆகவே நாங்கள் தொழில்முறை வீரர்கள்தாம். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

என்னோடு மோதியவன் கம்பெனியின் லோடுமேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். துணி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு அவன் வாசலில் நுழைந்தால் உள்ளே கொஞ்சநேரம் இருட்டிவிடும். அவன் தோளில் ஒரு பக்கம் நான் உட்கார்ந்து மறுபக்கம் டிபன் கேரியரை வைத்தால், கேரியர் பக்கம்தான் சாயும் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொள்வார்கள்.

முதல் சண்டைக்கு முந்தின நாள் நான் அயர்ன் மாஸ்டரிடம் கேட்டேன். "நான் எப்புடீங்க அவனை ஜெயிக்கறது? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும் கண்ணு. மலை வந்து குச்சிய ஒடைச்சா அதப் பாக்க எவன் வருவான்? குச்சி மலையச் சாய்க்கோணும்." பெட்டியை ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார். "அது போக, நீ உழுந்தீன்னா ஆசுபத்திரிக்கு யாரு தூக்கிட்டு அலையறது?"

ஆக, என் வீரம் முழுக்க முழுக்க என் எலும்புகளின் மேல் மற்றவர்கள் வைத்த கரிசனம்தான். நான் ஓடிப்போய் அவன் மார்பில் கையை வைப்பேன். வைத்ததுமே அவன் விழ ஆரம்பிப்பான். அதை விழுவது என்று சொல்வதே பாவம். முதலில் கண் செருகும், பிறகு கழுத்து, பிறகு தோள் ஒவ்வொன்றாக, கடைசியில் அந்த ஆள் மொத்தமும், கொடியிலிருந்து ஈரப் போர்வை நழுவுவது போல, நிதானமாகப் பின்னால் சாய்வான். குவியல் ஹோ என்று மூச்சுவிடும். வண்ணத் துண்டுகள் எழும்பி, அவன் மேல் மெதுவாக வந்து இறங்கும். அவன் நெஞ்சின் மேல் ஏறி நான் படுத்துக்கொள்வேன். ஒன்று, ரெண்டு, மூணு என்று அயர்ன் மாஸ்டர் எண்ணுவார். அந்த நேரத்தில் அவன் இதயம் என் விலாவுக்குக் கீழே சாவகாசமாக அடித்துக்கொண்டிருப்பது கேட்கும். பன்னை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொள்வோம்.

முதலில் கட்டிங் செக்‌ஷன் பட்டம் என்றுதான் ஆரம்பித்தோம். பிறகு சந்துப் பட்டம். அதற்கப்புறம் யாரும் போட்டிக்கு வராததால் தென்னிந்தியப் பட்டம் அறிவித்தோம். அதையும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. தென்னிந்தியா வரைக்கும் வந்த பிறகு உலகம் என்ன, இன்னும் ஒரு முழம் எலாஸ்டிக், அவ்வளவுதானே.

எலாஸ்டிக் ஜட்டிக்குத் தைப்பது. அதைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தவள் எங்கள் கம்பெனியில் பேட்லாக் என்னும் தையல் மெஷின் ஓட்டிய பெண். நடுவில் பதிக்கும் பித்தளைத் தகட்டையும் அவள்தான் கொண்டுவருவாள். அவள் அம்மாவுக்கு அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் பாலீஷ் வேலை. ஓரம் நசுங்கி ஒதுக்கிப்போட்ட பித்தளை மூடி ஒன்றைப் பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்கி, அந்த அம்மா தன் கையால் முகம் தெரிகிற மாதிரி பாலீஷ் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு மூடி.

லோடுமேன் கொண்டுவரும் மூட்டைகளில் முதலாவது எப்போதும் அந்தப் பெண்ணின் மெஷினுக்குத்தான் போகும். அவளும் எவ்வளவு தையல் மிச்சமிருந்தாலும் அதைத்தான் முதலில் பிரிப்பாள். இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அங்கே மூட்டை வைக்கும்போது மட்டும் அவன் ஏனோ வழக்கத்தைவிட மெதுவாக வைப்பான். இதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியாது.

உலகப் பட்டம் வாங்கின சில வாரங்கள் கழித்து, டீக்கடை பெஞ்சில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெஞ்சின் என் பக்கம் கொஞ்சம் மேலே எழுந்தது.

"அண்ணே, ஒரு காரியம். நீங்க மனசு வச்சாத்தேன் ஆகும்."

"என்னப்பா?"

"நீங்க ஒருக்கா விழுகணும்ணே."

ஞாயிற்றுக்கிழமை துணிந்து அனுப்பர்பாளையத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் பெண் கேட்டிருக்கிறான். அந்த அம்மா வாங்க என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, அப்புறம் கேட்டிருக்கிறார்.

"'நாலு மூடி தேச்சுக் குடுத்தேன், ஒண்ணாச்சும் உன் இடுப்புக்கு வந்துச்சா'ன்னு கேட்டாகண்ணே. 'நாலையும் அந்தக் கொத்தவரங்கா கட்டிட்டுப் போயிருச்சாமா. கொத்தவரங்காகிட்ட அடி வாங்குறவனை நம்பி என்ற புள்ளைய எப்புடிக் குடுக்கறது'ன்னாக."

"கொத்தவரங்கான்னு என்னையவா சொன்னாங்க?"

"பேரு சொல்லலண்ணே. ஆனா வேற யாரும் இல்லையில்ல."

"எல்லாம் பேசி வெச்ச சண்டைன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேண்ணே. அதுக்கப்புறந்தேன் ரொம்பக் கோவம். 'பேசி வெச்சு அடி வாங்குறியா, அதுக்குக் கூலி கீலி உண்டா'ன்னாக. பாதி பன்னுன்னேன்."

சோமனூரில் தறி வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவர் வேறு கேட்டுக்கொண்டிருந்தாராம். ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வருகிறேன், நேரில் பார்த்துவிட்டு ஒரு முடிவு சொல்கிறேன் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஆயுத பூஜையன்று எல்லாக் கம்பெனியிலும் போல எங்களிடமும் மெஷின் ஓடாது. வேலை செய்கிறவர்களின் குடும்பமெல்லாம் வரும். அந்தக் கூட்டத்தின் முன்னால் அவன் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். தோற்றால் சோமனூர்.

நான் உடனே சரி என்று சொல்லிவிட்டதாக எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் உலகப் பட்டத்தைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டுதான் பஸ்ஸில் போவேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால், சாயத் தண்ணீர் அன்றைக்கு எந்தக் கலர் ஆர்டரோ அந்தக் கலரில் வாய்க்காலில் ஓடுவது தெரியும். ஊதா வாய்க்காலைப் பார்த்தபடி, வயிற்றில் குளிர்ச்சியாகப் பித்தளை அழுந்த, நான் வெளிநாடுகளில் எண்ணெய் தடவிக்கொண்டு நடந்துகொண்டிருப்பேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போதுதான் திருப்பூருக்குத் திரும்பி வருவேன். இதையெல்லாம் விடுவது லேசா? அதைவிடப் பெரிய விஷயம், எனக்கு விழத் தெரியாது. நான்கு பட்டம் வாங்கினவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை, விழுந்தவன் மேல் ஏறிப் படுப்பது.

"நான் சொல்லித் தாரேண்ணே," என்றான் அவன். "ஒண்ணும் செய்யாம இருக்கணும். அம்புட்டுத்தேன்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதில் நான் கைதேர்ந்தவன் என்று கட்டிங் மாஸ்டரே பலமுறை சொல்லியிருக்கிறார் என்பதால் தைரியமாக ஒப்புக்கொண்டேன். அயர்ன் மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். "ஒருத்தன் இடுப்புலயே கெடந்தா அது பட்டமில்ல, அரைஞாண் கயிறு. கை மாறட்டும்."

ஆனால் ஒன்றும் செய்யாமல் விழுவது எவ்வளவு கஷ்டம் என்று மத்தியான இடைவேளைகளில் வேஸ்ட் குடோனில் தெரிந்துகொண்டேன். அவன் என்னைத் தலைக்கு மேல் தூக்குவான். மேலே போனதும் என் கை தானாகப் போய் அவன் காதைப் பிடித்துக்கொள்ளும்.

"அண்ணே, காத விடுங்கண்ணே."

"விட்டா உழுந்துருவேன்பா."

"அதுக்குத்தானண்ணே தூக்கியிருக்கு."

கடைசியில் ஒருநாள் விட்டுவிட்டேன். அந்த விழுகை இன்னும் முடியவில்லை போலத்தான் இருக்கிறது. கூரையின் கண்ணாடி ஓடு தூரமாகிக்கொண்டே போனது. வண்ணங்கள் இரண்டு பக்கமும் எழுந்து மூடிக்கொண்டன. சத்தமே இல்லாத ஓர் இடத்தில் நான் படுத்திருந்தேன். யாராவது எழுப்பியிருக்காவிட்டால் அங்கேயே குடும்பம் நடத்தியிருப்பேன். தோற்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்றால் இத்தனை நாள் எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று அவனிடம் சண்டை போட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வழக்கம்போல் கம்பெனியைச் சுத்தம் செய்தோம். மெஷின்களின் பஞ்சைத் துடைத்து எண்ணெய் போட்டோம். ஒட்டடை அடித்தோம். தரையெல்லாம் கழுவினோம். உற்சாகமாகத்தான் கழுவினோம், நாளைக்கு இந்நேரம் என்னவெல்லாம் நடக்கும் என்று பேசிக்கொண்டே கழுவினோம். குடோனைக் கழுவும்போது நான் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்ற, அவன் தென்னை விளக்குமாற்றால் தேய்க்க, சிமெண்டுத் தரை ஈரத்தில் ஆகாயம் மாதிரி மின்னியது. "கண்ணாடி மாதிரி இருக்குண்ணே," என்றான். "மொகம் பாக்கலாமாட்டம் இருக்குது," என்றேன் நான். இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் பூஜை முடிந்து, கற்பூரம் அணைந்து, அயர்ன் மாஸ்டர் குடோன் கதவைத் திறந்து, "அடக் கருமமே" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. தரை இருந்தது. சுவரில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. வேஸ்ட் இல்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் குடோன் வேஸ்ட்டையெல்லாம் வியாபாரிக்குப் போட்டுவிட்டுக் கழுவுவது வருஷாவருஷம் நடக்கிற காரியம். லாரியில் ஏற்றியதே எங்கள் லோடுமேன்தான். எந்த மெத்தையில் தன் கல்யாணம் நிச்சயமாக வேண்டுமோ, அந்த மெத்தையை மூட்டை மூட்டையாகத் தன் முதுகில் சுமந்து அனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து என்னோடு தரையைத் தேய்த்திருக்கிறான்.

கூட்டம் அதற்குள் கூடிவிட்டது. முதலாளி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெஷின்களுக்கெல்லாம் செவ்வந்தி மாலை போட்டிருந்தோம்; அவை கல்யாணப் பெண்கள் மாதிரி வரிசையாகத் தலைகுனிந்து நின்றன. பேட்லாக்காரப் பெண் தன் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் சிவப்புச் சேலையில், உள்ளங்கையெல்லாம் பித்தளைக் கறுப்பு ஏறிய ஓர் அம்மா. ஐந்தாவது மூடி அந்தக் கையில்தான் இருந்தது. எலாஸ்டிக் கோத்துத் தயாராக இருந்தது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, மகளிடம் குனிந்து, "இதுவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"நோம்பி முடிஞ்சு இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்களா?" என்று அயர்ன் மாஸ்டரிடம் கெஞ்சினேன்.

"அந்தம்மா இன்னொரு நாளைக்கு லீவு போட்டு வருமா? சோமனூரு பஸ்ஸு தெனமும் வருது." சுற்றுமுற்றும் பார்த்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில், பூஜை முடிந்து எல்லோருக்கும் கொடுப்பதற்காக வாங்கிய பொரி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் முகத்தில் ஒரு யோசனை ஆவி போலப் படர்வது தெரிந்தது.

முதலாளியிடம் போய் என்ன சொன்னாரோ, முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். "பொரி கொட்டப்படாது," என்றார்.

மூட்டைகளை மெஷின் வரிசைக்கு நடுவில் நெருக்கிப் படுக்கவைத்து, கறை பட்டு ஒதுக்கிய துணி ஒன்றை மேலே விரித்தோம். பார்க்க மெத்தென்றுதான் இருந்தது. சண்டை தொடங்கியது. நான் ஓடிப்போய் அவன் மார்பில் கையை வைத்தேன். இன்றைக்கு அவன் விழக்கூடாது. அசையாமல் நின்று என்னைத் தூக்க வேண்டும். ஆனால் இத்தனை மாதப் பழக்கம். என் கை பட்டதும் கண் செருகிவிட்டது. கழுத்து, தோள், எல்லாம் வரிசையாகப் போய், ஆள் மொத்தமும் பொரி மூட்டைகளின் மேல் போய் இறங்கினான். மொறமொறவென்று ஒரு பெரிய சத்தம். எங்கோ ஒரு மூட்டை தையல் விட்டுக்கொண்டது.

அந்த அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"எந்திரிடா சாமி," என்று அயர்ன் மாஸ்டர் பல்லுக்குள் சொன்னார். "இன்னைக்கு நீ இல்ல, அவன்."

அவன் நினைவு வந்தவனாக எழுந்தான். என்னை இடுப்பில் பிடித்தான். தூக்கினான். அந்தப் பிடியில் என் பேண்ட்டின் நாடா பட்டென்று அறுந்தது எனக்கு மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் நடந்தது போலத்தான் நினைவிருக்கிறது. அவ்வளவு உயரத்தில் நான் அந்தக் கம்பெனியைப் பார்த்ததே இல்லை. மின்விசிறியின் மேல்பக்கம் கண்ணுக்கு நேராக வந்தது. ஒட்டடைக் குச்சிக்கு எட்டாத பஞ்சு அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே செவ்வந்தி மஞ்சள் வரிசை வரிசையாகப் போயிற்று. முகங்களெல்லாம் மேலே பார்த்துத் திறந்திருந்தன. காதைப் பிடிக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தேன். கிழிந்த மூட்டையிலிருந்து பொரி சளசளவென்று ஓடி, நாங்கள் கண்ணாடி போலக் கழுவிவைத்த தரையெங்கும் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. விரித்திருந்த துணி வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போய்விட்டது. மூட்டைகள் தட்டையாகிவிட்டன. மெத்தை இருந்த இடத்தில் சிமெண்ட் சிரித்தது.

"அண்ணே," அவன் குரல் கீழேயிருந்து வந்தது. "கீழ ஒண்ணுமில்லண்ணே."

"பரவால்ல, போடு."

"சிமிண்டுண்ணே."

"அந்தம்மா பாக்குதுப்பா. போடு சும்மா." என் குரல் பிசிறியது. வீரத்தில் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

அவன் என்னைப் பிடித்தபடியே ஒரு சுற்றுச் சுற்றினான், போட ஓர் இடம் தேடுகிறவன் மாதிரி. இன்னும் ஒரு சுற்று. அவனுக்கு மூச்சு வாங்குவது என் முதுகில் சுட்டது. பேட்லாக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். போட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். கையை விட்டால் போதும்.

விடவில்லை. என்னை மெதுவாகத் தன் நெஞ்சுக்கு இறக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு கண் செருகியது, கழுத்து, தோள். எனக்கும் சிமெண்டுக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து, பொரியின் மேல் மல்லாக்க விழுந்தான். வெள்ளை எழும்பிற்று. எங்கள் மேல் மெதுவாக வந்து இறங்கிற்று. வழக்கமான இடத்தில், அவன் நெஞ்சின் மேல், நான் படுத்திருந்தேன். இன்றைக்கு அந்த இதயம் சாவகாசமாக அடிக்கவில்லை.

அயர்ன் மாஸ்டருக்கும் பழக்கம்தான். யோசிப்பதற்குள் வாய் எண்ணிவிட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு." எண்ணி முடித்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

ஐந்தாவது பட்டமும் எனக்கே வந்துவிட்டது.

யாரும் கை தட்டவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் அயர்ன் மாஸ்டர் அந்த அம்மாவின் கையிலிருந்த பட்டத்தை வாங்கி வந்து என் இடுப்பில் மாட்டினார். நாடா அறுந்த பேண்ட்டுக்கு அது சமயத்தில் வந்த தெய்வம். அந்தப் பட்டத்துக்கு மட்டும் நான் மனசாரக் கையெடுத்துக் கும்பிட்டேன். லோடுமேன் எழுந்து உட்கார்ந்தான். அந்தப் பெண் இருந்த பக்கம் அவன் திரும்பவில்லை. தரையில் சிதறிய பொரியை ஒரு கையால் கூட்டிக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தான், முதலாளி கேட்டது அது ஒன்றுதான் என்பது போல.

அப்போது பொரி நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா நடந்து வந்துகொண்டிருந்தார். அவன் முன்னால் நின்றார்.

"ஏன் போடல?"

அவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். "கீழ சிமிண்டுங்கம்மா. அண்ணனுக்கு ஒடம்புல எலும்பு மட்டுந்தேன் இருக்கு."

"போட்டிருந்தா ஜெயிச்சிருப்பியல்ல?"

"ஆமாங்கம்மா."

"நான் பாத்துட்டிருந்தது தெரியுமல்ல?"

"தெரியுங்கம்மா."

அந்த அம்மா குனிந்தார். அவன் முதுகில் வியர்வையோடு ஒட்டியிருந்த பொரியைப் பாத்திரம் துடைக்கிற மாதிரி உள்ளங்கையால் ஒரு தேய்ப்பில் தட்டிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதக் கழட்டுங்க."

"இதுங்களா?"

"பித்தள என்னுது. கழட்டுங்க."

பேண்ட் நிலவரத்தைப் பற்றி அவருக்கு விளக்க அது தருணம் இல்லை. ஒரு கையால் பேண்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஐந்தாவது பட்டத்தை உருவிக் கொடுத்தேன். அதை அவர் அவன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தார். வழக்கம்போல் பழைய அளவில், என் இடுப்புக்குத் தைத்தது. அவனுக்குப் பாதி வழிகூடப் போகவில்லை. இழுத்தார். எலாஸ்டிக் முனகியது. இன்னும் இழுத்தார். கையைவிட்டு நழுவிச் சுளீரென்று திரும்பி என் தொடையில் வந்து அடித்தது. அன்றைய சண்டையில் எனக்கு விழுந்த ஒரே அடி அதுதான்.

அந்த அம்மா மகளைப் பார்த்தார். "அம்மிணி, அங்க நின்னு என்ன பண்ணற? இது பத்தாது. டேப்பு எடுத்துட்டு வந்து அளவெடு. எலாஸ்டிக்கு வேற வெச்சுத் தெச்சுக் குடு."

கூட்டத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு பேட்லாக் வரிசைப் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, அப்படியே கம்பெனி முழுக்கப் பரவியது. "அப்போ சோமனூரு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"சோமனூருக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார் அந்த அம்மா. "நீங்க பொரியத் தின்னுங்க. தரை சுத்தமாத்தான் இருக்குது."

தரை சுத்தமாகத்தான் இருந்தது. நாங்கள் கழுவிய தரை. முதலாளியே குனிந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் கழுத்தில் டேப்போடு, பொரியின் மேல் சத்தம் வராமல் நடக்கப் பார்த்து, முடியாமல், வந்தாள். யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டிருந்தார்கள். நசுங்கிய பொரியின் மாவும், இத்தனை துடைத்தும் போகாத பஞ்சும் கலந்து, கண்ணாடி ஓட்டு வெயிலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். டேப்பை அவிழ்த்தாள். அளவெடுக்கத் தோதாக அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். டிவியில் ஜெயித்தவன் தூக்குவானே, அதே மாதிரி. தூக்கிய கை அப்படியே நின்றது. இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டியிருப்பேன். என் கைகள் இரண்டும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன.